எண்ணெய்க் கைக்கு என்ன கூலி?



சென்ற பருவத்தில் ப்ராஜெக்ட் தலைப்புகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மெக்கானிக்கல் நண்பர்களுக்குத் தேங்காய் உரிக்கும் இயந்திரம். சிவில் நண்பர்களுக்குச் சாம்பல் செங்கல். எலக்ட்ரிக்கலுக்கு வழக்கம்போல் தானியங்கித் தெருவிளக்கு (வருடா வருடம் அதே விளக்குத்தான் எரிகிறது என்பது வேறு கதை). கமர்ஷியல் பிராக்டிஸ் பிரிவில் எங்கள் நான்கு பேருக்கு மட்டும் "ராஜபாளையத்தில் டே ஸ்பா நடத்துதல் – திட்ட அறிக்கை" என்று இருந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், அதன் பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பால்பாயிண்ட் பேனாவால் "டோக்கன் எங்கே வாங்கணும்?" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

அந்தப் புண்ணியவானும் இந்த மலரைப் படிப்பார் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். டோக்கன் தருகிறேன் சார், கொஞ்சம் உட்காருங்கள்.

டே ஸ்பா என்றால் ஏதோ பெரிய ஓட்டல் சமாச்சாரம் இல்லை. தங்குகிற வேலை கிடையாது. காலையில் வந்து, எண்ணெய் தேய்த்து, நீராவியில் உட்கார்ந்து, தலைக்கும் முகத்துக்கும் ஏதாவது பூசி, குளித்து, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவது. பெல்ஜியம் நாட்டில் ஸ்பா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள ஊற்று நீருக்காக ஜனங்கள் தேடிப் போனார்கள். ஊர்ப் பெயரே தொழிலுக்குப் பெயராகிவிட்டது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து தென்காசிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால் குற்றாலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் விழுகிற நாளில், எண்ணெய்ப் பாட்டிலும் கையுமாக ஆட்கள் நின்று தலையிலிருந்து கால்வரை பிடித்துவிட்டு அருவிக்கு அனுப்புகிற வழக்கம் நம் அப்பாக்கள் காலத்துக்கும் முந்தியது. (அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிப்பதைக் கோர்ட்டு தடுத்ததும் நியாயம்தான், தண்ணீர் எல்லோருக்கும் உரியது. ஆனால் பிடித்துவிட்டுப் பிழைத்தவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் யாராவது யோசித்திருக்கலாம்.) எங்கள் மாமா ஒருவர் சீசனுக்குச் சீசன் அங்கே போனவர்தான். அவரிடம் போய் "நீங்க ஸ்பா தெரபிஸ்ட்" என்று சொன்னால் என்னை அடிக்க வருவார்.

சித்த வைத்தியத்தில் உள்மருந்து 32, புறமருந்து 32 என்று கணக்கு உண்டு. அந்தப் புறமருந்து வரிசையில் ஒற்றடம் இருக்கிறது, வேது இருக்கிறது, தொக்கணம் இருக்கிறது. தொக்கணம் என்றால் உடம்பைப் பிடித்துவிடுவது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இதையெல்லாம் பாடமாகவே படிக்கிறார்கள். இன்னும் பக்கத்தில் வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி மாதம் ஆண்டாளுக்கே எண்ணெய்க்காப்பு உற்சவம். மூலிகைகளைப் போட்டுக் காய்ச்சிய அந்தத் தைலத்தைப் பிரசாதமாக வாங்க எத்தனை கூட்டம்!

எண்ணெய்க்கு இவ்வளவு மரியாதை தருகிற ஊரில், தேய்க்கிற கைக்கு என்ன மரியாதை? இதுதான் நான் கேட்க வந்த கேள்வி.

எங்கள் ப்ராஜெக்டுக்கு ஒரு வழிகாட்டி தேவைப்பட்டார். கல்லூரியில் ஆசிரியர் ஒருவர் உண்டு. வெளியிலும் தொழில் செய்கிறவர் ஒருவர் வேண்டும் என்றார்கள். ராஜபாளையத்தில் நான்கு பார்லர் ஏறி இறங்கினோம். மூன்று இடத்தில் "வருமான வரி ஆபீஸிலிருந்து வந்திருக்கீங்களா?" என்கிற மாதிரியே பார்த்தார்கள். நான்காவது இடத்தில் ஓர் அக்கா. மாடிப்படி ஏறினால் முன்னால் அழகு நிலையம். உள்ளே திரை போட்டு இரண்டு கட்டில், ஒரு நீராவிப் பெட்டி. பெண்களுக்கு மட்டும். அந்த உள் அறைதான் ஸ்பா. போர்டில் மட்டும் அந்த வார்த்தை இல்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா பத்தாவது தாண்டாதவர். "சொல்லித் தர்றேன். ஆனா ரெண்டு கண்டிஷன். கஸ்டமர் பேரை வெளிய சொல்லக் கூடாது. ரெண்டு வாரம் நான் சொல்ற வேலையைச் செய்யணும், ஏன்னு கேட்கக் கூடாது" என்றார். என்ன வேலை தெரியுமா? துண்டு எண்ணுவது!

ஒரு ஆளுக்குப் பெரிய துண்டு இரண்டு, சின்னது இரண்டு. எண்ணெய்ப் பிசுக்குப் போக வெந்நீரில் சோடா போட்டு அலச வேண்டும். நன்றாக ஆறாமல், சூட்டோடு சூடாக மடித்துக் குவித்து வைத்தால் எண்ணெய்த் துணி தானாகவே பற்றிக்கொள்ளும் என்று அக்கா சொன்னபோது நம்பவே இல்லை. கெமிஸ்ட்ரி சாரைக் கேட்டேன், உண்மைதான் என்றார். சிவகாசி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகிவிட்டது. அப்புறம் தண்ணீர். நான் ஆலங்குளத்துக்காரி. (தென்காசி பக்கத்து ஆலங்குளம் இல்லை. 1970-ல் சிமெண்ட் ஆலை வந்ததே, அந்த ஆலங்குளம். பஸ்ஸில் மாறி ஏறி அவஸ்தைப்பட்டவர்களுக்குத் தெரியும்.) சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது என்பதால்தான் ஆலையே எங்கள் ஊரைத் தேடி வந்தது. அந்த மண்ணின் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்கிக்கொள்ளும், கொதிக்க வைக்கிற பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். "உங்க ஊர்ல ஸ்பா வைக்கணும்னா முதல்ல தண்ணிக்குச் செலவு பண்ணு, அப்புறம் எண்ணெய்க்கு" என்றார் அக்கா. இதை எந்தப் புத்தகத்தில் படித்திருப்பேன்?

படுக்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு அட்டையில் ஒட்டியிருந்தன. காய்ச்சல் உண்டா, பிரஷர் உண்டா, சமீபத்தில் ஆபரேஷன் ஆனதா, மாசமா இருக்கீங்களா, எந்த எண்ணெய் ஒத்துக்காது. முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். "மூட்டுவலி போயிடுமா?" என்று ஓர் அம்மா கேட்டார். போய்விடும் என்று சொன்னால் இன்னும் பத்து நாள் வருவார், பணம் வரும். அக்கா சொன்னது: "அதுக்கு டாக்டரைப் பாருங்கம்மா. இங்க அலுப்புதான் போகும்." எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது.

மூன்றாவது வாரம்தான் கணக்கு நோட்டு வெளியே வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் லாங் சைஸ் நோட்டு, மூன்று வருடத்துக்கு மூன்று நோட்டு. அதற்குள் நாங்கள் ஒரு கணக்கு போட்டு, கம்ப்யூட்டரில் அடித்து, கலர் பிரிண்ட் எல்லாம் எடுத்து வைத்திருந்தோம். அது எப்படித் தெரியுமா? கட்டில் இரண்டு. ஒரு கட்டிலில் நாளைக்கு ஆறு பேர். ஆக 12 பேர். மாதம் 26 நாள். 312 பேர். ஒருவருக்குக் கட்டணம் 800 ரூபாய், அதில் எண்ணெய், பொடி, விரிப்புக்கு 150 போக நிற்பது 650. மாதச் செலவு: வாடகை 12,000, இரண்டு பெண்களுக்குச் சம்பளம் 22,000, கரண்ட் 5,000, தண்ணீர், சலவை 4,000, சில்லறை 3,000, கடன் தவணை 9,000. மொத்தம் 55,000. எல்லாம் போக லாபம் 1,47,800 ரூபாய்! அன்று இரவு நாங்கள் நால்வருமே மனசுக்குள் கார் வாங்கிவிட்டோம்.

அக்கா தாளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து, "இதுல ஒரு மாசம் எத்தனை பேருன்னு நீங்களே எண்ணுங்க" என்றார். எண்ணினோம். சாதாரண நாளில் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் ஏழு, எட்டு. நல்ல மாதத்தில் மொத்தம் 100 பேர். 100 பேருக்கு 65,000. செலவு 55,000. மிச்சம் 10,000.

"இதுல உங்க சம்பளம் எங்கேக்கா?" என்று கேட்டேன். "அந்தப் பத்தாயிரந்தான்" என்றார். காலை ஒன்பது மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை நின்றுகொண்டே இருக்கிற முதலாளிக்கு, வேலை பார்க்கிற பெண்ணுக்குத் தருகிற 11,000-ஐ விடக் குறைவு! ஆடி மாதத்தையும் மார்கழியையும் எண்ணச் சொன்னார். கல்யாணம் இல்லாத மாதங்கள். 60 பேர்தான். கையிலிருந்து 16,000 போகிறது. எத்தனை பேர் வந்தால் கை கடிக்காது என்று வகுத்துப் பார்த்தோம்: 85. எங்கள் மூன்று வருடப் படிப்பில் பிரேக் ஈவன் என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது ஒரு மனுஷிக்கு ராத்திரி தூக்கம் வருமா வராதா என்கிற எண் என்பது அந்த மாடி அறையில்தான் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்று விற்காத பால்கோவாவை நாளைக்கு விற்கலாம். இன்று பகல் மூன்று மணிக்குக் கட்டில் காலியாகக் கிடந்தால், அந்த மூன்று மணியை எந்த டப்பாவில் அடைத்து நாளைக்கு விற்பது? அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். செவ்வாய் விடுமுறை; புதன், வியாழன் மத்தியானம் மட்டும் கட்டணம் 600. டீச்சர்களுக்கும் நர்ஸ்களுக்கும் போனில் செய்தி. 600 வாங்கினாலும் 450 நிற்கிறதே, காலியாகக் கிடந்தால் அதுவும் இல்லையே! இதை எங்கள் அறிக்கையில் ஏழு பக்கம் எழுதினோம், எக்ஸ்டர்னல் அய்யா ஏழு பக்கத்தையும் படித்தார்.

எங்களுக்குள் சண்டை வந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். லாபத்தைக் கூட்ட வழி சொல் என்று பாடத்தில் கேட்பார்கள் அல்லவா, எங்கள் பேட்ச்சில் ஒருத்தி "சம்பளத்தை 8,000 ஆக்கினால் 6,000 மிச்சம்" என்று எழுதிவிட்டாள். நானும் சரி என்றேன், மறைக்க மாட்டேன். அக்கா அந்த வரியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "மில்லுல மிஷினுக்கு எண்ணெய் போடாம விடுவாங்களா? இங்க மிஷினே அந்தப் பிள்ளைக கைதான். 800 ரூபால அவளுக்குப் போறது 220. ஆறு மாசம் ஆகும் ஒரு கை பழக. அவ போனா அவ பின்னாடியே கஸ்டமரும் போயிரும்" என்றார். அத்துடன் விடவில்லை. அவர் முதன்முதலாக வேலை பார்த்த இடத்தில் (எந்த ஊர் என்பது வேண்டாம்) மூன்று மாதம் சம்பளமே கிடையாது, "கத்துக்கிற பிள்ளைக்கு எதுக்குக் காசு" என்றார்களாம். அந்த வரியை அடித்துவிட்டோம். அதற்குப் பதில், ஆள் எண்ணிக்கை 85-ஐத் தாண்டினால் தாண்டுகிற ஒவ்வொரு ஆளுக்கும் செய்தவர் கைக்கு 50 ரூபாய் என்று சேர்த்தோம். அது நடைமுறைக்கு வருமா? அக்கா "பாப்போம்" என்றார். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். இருந்தாலும் எழுதியிருக்கிறோம்.

இப்போது போர்டு சமாச்சாரம். ப்ராஜெக்ட் தலைப்பை வீட்டில் சொன்ன அன்று எங்கம்மா சோறு போடவில்லை. "அந்தப் பேரையே வீட்டுல சொல்லாதே" என்றார். சினிமாவிலும் செய்தியிலும் ஸ்பா என்றால் போலீஸ் ஜீப்பும் முகத்தை மூடிய பெண்களும்தான் அம்மாவுக்குத் தெரியும். தப்பு செய்கிற இடங்கள் இல்லையா என்றால் இருக்கின்றன, பிடிக்கட்டும். ஆனால் கண்ணியமாக நடத்துகிறவர்கள் அதற்கு எத்தனை விலை கொடுக்கிறார்கள் பாருங்கள். 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, தமிழ்நாட்டு ஸ்பாக்களில் எல்லாம் கேமரா வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் வேறொரு நீதிபதி, உள்ளே கேமரா வைப்பது ஒருவரின் உடல் மீதான உரிமையையும் அந்தரங்கத்தையும் மீறுவதாகும் என்று தீர்ப்பு சொன்னார். இரண்டு வாரத்துக்குள் இரண்டு வழி! சட்டம் படித்தவர்கள் விவாதிக்கட்டும். என் அபிப்பிராயம் என்னவென்றால், வேலை பார்க்கிற பெண்ணையும் வருகிற பெண்ணையும் கேட்டால் அவர்களே சொல்வார்கள். வாசலில் கேமரா இருக்கட்டும், பதிவு நோட்டு இருக்கட்டும், கதவில் உள்தாழ்ப்பாள் இல்லாமல் இருக்கட்டும். அக்கா கடையில் மூன்றும் இருக்கின்றன. உள்ளே எதற்கு?

சம்பாதிக்க முடிகிற தொழிலா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர் சொல்கிறேன். டெல்லியில் ஷானாஸ் ஹுசைன் 1970-களில் தன் வீட்டிலேயே மூலிகை அழகு நிலையம் தொடங்கினார். 2006-ல் பத்மஸ்ரீ வாங்கினார். சென்னையில் வீணா குமரவேல் 2000-ல் தொடங்கிய நேச்சுரல்ஸ், இன்று நம் பக்கத்து ஊர்களில்கூடப் போர்டு தெரிகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இருவருமே உழைத்து வந்தவர்கள், எனக்கு அதில் பெருமைதான். வரியிலும் கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கிறது. அழகு நிலையம், முடிதிருத்தகம் போன்ற சேவைகளுக்கு 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. எங்கள் கணக்குப்படி வருடத்துக்கு 9,60,000 ரூபாய்தான் வரவு. சேவைத் தொழிலுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவே தேவை என்பதால் எங்களுக்கு அந்தப் பிரச்சினை இப்போதைக்கு இல்லை!

இதுவரை எழுதியது சுலபம். இனி எழுதப் போவது ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தது.

ப்ராஜெக்ட் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி. "குடும்பத்தில் இத்தொழிலில் முன் அனுபவம் உள்ளவர் எவரேனும் உண்டா?" நான் "இல்லை" என்று எழுதினேன்.

பொய்.

எங்கள் அம்மாச்சியை ஊரில் மருத்துவச்சி என்பார்கள். கேட்க மரியாதையாக இருக்கும். ஆஸ்பத்திரி வந்த பிறகு பிரசவம் பார்ப்பது நின்றது. ஆனால் பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதும், பச்ச உடம்புக்காரிக்கு எண்ணெய் தேய்த்து வேது பிடித்துவிடுவதும் இன்றும் அம்மாச்சி கைதான். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கணுக்காலுக்கு நடுவே பிள்ளையைக் கிடத்தி, சூடு பார்த்துத் தண்ணீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டித் தருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். நொச்சி இலை எந்த வேலியில் இளசாக இருக்கிறது என்பது அம்மாச்சிக்கு மனப்பாடம். நாற்பது நாள் போய் வந்தால் ஒரு சேலை, கொஞ்சம் அரிசி, கையில் அவரவர் மனசுக்கு ஏற்ற காசு. "இவ்வளவு" என்று அம்மாச்சி கேட்டதே கிடையாது, கேட்கக் கூடாதாம். அந்தக் காசு கையில் கொடுக்கப்படுமா, திண்ணையில் வைக்கப்படுமா என்பது எந்தத் தெரு என்பதைப் பொறுத்தது. இதற்கு மேல் விளக்க வேண்டுமா நண்பர்களே? நம் ஊர்களில் பிறந்தவர்களுக்கு விளங்கும்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இங்கே வந்தது, அந்தத் திண்ணையிலிருந்து எழுந்து வருவதற்குத்தான். ஆகவே "இல்லை" என்று எழுதினேன். பேனா நிற்கவே இல்லை. அக்காவின் கணக்கு நோட்டில் 800 ரூபாயில் 220 போதுமா, போதாதா என்று நான்கு நாள் வாதாடிய நான், சொந்த அம்மாச்சியின் நாற்பது நாளுக்கு எதிரே பூஜ்யம் போட்டேன். எண்ணெய் ஒன்று, வேது ஒன்று, பிடிக்கிற விதம்கூட ஏறக்குறைய ஒன்று. மாடி ஏறி, திரை போட்டு, விலைப்பட்டியல் மாட்டினால் தொழில். வாசலில் குந்தி உட்கார்ந்து செய்தால் ஊழியம்! வித்தியாசம் விலைப்பட்டியலில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. விலையைச் சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது, யாருக்குச் சொல்ல அனுமதி இருக்கிறது என்பதில்.

"அப்படியானால் நீ அம்மாச்சி தொழிலையே செய்யேன்" என்று ஒரு நண்பர் கேட்டார். கேலியாக இல்லை, நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மத்திய அரசு 2023 செப்டம்பரில் விஸ்வகர்மா திட்டம் கொண்டு வந்தது. முடிதிருத்துவோர் உட்பட 18 தொழில்கள். 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் கடன். குறைந்தபட்ச வயது 18. தமிழக அரசு இதை அப்படியே ஏற்கவில்லை. 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகத் தொடங்கி, 25 தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம், குலத்தொழிலாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, வயது 35 ஆகியிருக்க வேண்டும் என்று வைத்தது. ஏன் 35? பதினெட்டு வயதில் இருப்பவர் படிக்க வேண்டியவர் என்பதால். இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் அரசியல் உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதினெட்டு நான்தானே? தாத்தா செய்ததை நீயும் செய், கடன் தருகிறேன் என்று யாரும் என் முன்னால் வந்து நிற்க வேண்டாம். அதே சமயம், அம்மாச்சி செய்ததைச் சொல்ல வெட்கப்படு என்றும் யாரும் கற்றுத்தர வேண்டாம். நான் ஸ்பா வைப்பேனோ, வங்கித் தேர்வு எழுதுவேனோ, அது என் இஷ்டம். வைத்தால் அக்காவிடம் படித்த கணக்கோடு வைப்பேன். 2012-ல் தமிழக அரசு கொண்டு வந்த நீட்ஸ் திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது; டிப்ளமோ படித்தவர்களும் அதில் சேரலாம், திட்ட மதிப்பு 10 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், 25 சதவீதம் மானியம். 21 வயது ஆக வேண்டும். எனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதற்குள் தண்ணீருக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிடலாம்.

மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கை ஒன்று உண்டு. வைவா அன்று எக்ஸ்டர்னல் அய்யா எங்கள் அறிக்கையைப் பாராட்டினார், நல்ல மதிப்பெண்ணும் போட்டார், நன்றி. ஆனால் வெளி வழிகாட்டி பற்றிய பத்தியில் "கல்வித் தகுதி" என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு, "பத்தாவது ஃபெயிலா? வேறு யாரும் கிடைக்கவில்லையா?" என்றார். மூன்று வருட நோட்டை எங்கள் முன்னால் விரித்துப் போட்டவர் அவர். தன் சம்பளம் 10,000 என்று நான்கு சின்னப் பெண்கள் முன்னால் சொன்னவர். அந்தக் கட்டத்தில் எழுத அதற்கெல்லாம் இடம் இல்லை. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, "எத்தனை வருடமாகத் தொழில் செய்கிறார்" என்று மாற்றச் சொல்லி மன்றம் முதல்வர் அய்யாவுக்கு எழுதித் தர வேண்டும். லேத் பட்டறை அண்ணாச்சி, வயரிங் மாமா, தறிக்காரர் எல்லோருக்கும் இது பொருந்தும். கல்லூரி லெட்டர்பேடில் அவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதமும் கொடுத்தால் கடையில் மாட்டி வைப்பார்கள். அக்கா மாட்டுவார், எனக்குத் தெரியும். ஆணி எங்கே அடிப்பது என்றுகூடப் பார்த்து வைத்திருக்கிறார்.

போன வாரம் அம்மாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'இல்லை' என்று எழுதியதையும்தான். கோபித்துக்கொள்ளவில்லை. "படிக்கிற இடத்துல அதை எதுக்குத்தா எழுதணும்" என்று வெற்றிலையை மடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைக ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்குதுக?" என்றார். 800 என்றேன். நம்பவில்லை. மறுபடி சொன்னேன். நாற்பது நாளை 800-ஆல் பெருக்க அவருக்குத் தெரியாது, நானும் பெருக்கிச் சொல்லவில்லை. "பச்ச உடம்புக்கு எப்படிப் பிடிக்கணும்னு அதுகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன், உண்மையிலேயே தெரியாது, அக்காவே அதை எடுத்துச் செய்வதில்லை. தை பிறந்ததும் ஒரு புதன்கிழமை மத்தியானம் அம்மாச்சியை ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போவதாக இருக்கிறேன். அக்காவிடம் பேசிவிட்டேன். சொல்லித்தர வருகிறவருக்கு எவ்வளவு என்று அக்கா கேட்டார். அம்மாச்சியையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் அறிக்கையின் கறுப்பு அட்டைப் பிரதி நூலகத்தில், கமர்ஷியல் பிராக்டிஸ் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது. கணக்கு வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வார்த்தை நீல மையால் அடித்துத் திருத்தப்பட்டிருக்கும். நூலகர் அய்யா மன்னிக்க வேண்டும், அது என் வேலைதான்.